மாதவிலக்கில் அதிக இரத்தப்போக்கு: கருப்பையை எடுப்பது மட்டும்தான் வழியா?

மூன்று நான்கு நாளில் நிற்க வேண்டிய மாதவிலக்கு பத்து நாளாகியும் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் இதை 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லிப் பொறுத்துக்கொள்கிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடவும் உதிரிப் பழம் பொறுக்கவும் போகும் பெண்ணுக்கு இது இரட்டைத் தொல்லை. வேலைக்காட்டில் கழிப்பறை கிடையாது. வீட்டில் தங்கிவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்யும் பெண்ணின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

பல மாதம் பொறுத்த பிறகு மருத்துவரைப் பார்க்கப் போனால், சிலருக்கு முதல் நாளே 'கருப்பையை எடுத்துவிடலாம்' என்ற பதில் கிடைக்கிறது. பயந்து வீடு திரும்பியவர்கள் மறுபடியும் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. உடம்பு வெளுத்துக்கொண்டே வருகிறது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் கருப்பையை எடுத்துவிடுவதற்கும் இடையில் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கருப்பையின் உட்சுவரை மட்டும் அழிக்கும் சிகிச்சை. எண்டோமெட்ரியல் அப்லேஷன் என்பது அதன் மருத்துவப் பெயர். எல்லாப் பெண்களுக்கும் அது பொருந்தாது. எல்லா மருத்துவர்களும் அதைச் செய்வதில்லை. ஆகவே அதைச் செய்யும் மருத்துவரைத் தேடும் முன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எவ்வளவு போனால் அதிகம்?

ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதிகம் என்பது பழைய மருத்துவக் கணக்கு. வீட்டில் யாரும் அதை அளந்து பார்க்க முடியாது. அதனால் இப்போது மருத்துவர்கள் வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் பேட் முழுதாக நனைகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? ஓர் அங்குலத்துக்கும் பெரிய இரத்தக் கட்டிகள் விழுகின்றனவா? வேலைக்கோ கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போக முடியாமல் தடுக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால்கூட மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, எப்போதும் அசதியாக இருப்பது எல்லாம் இரத்தச்சோகையின் அறிகுறிகள். ஹீமோகுளோபின் அளவு 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு இரத்தச்சோகை என்று பொருள். மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருப்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தேநீரோடு சேர்த்து விழுங்கக் கூடாது. தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

இரண்டு மூன்று மணி நேரமாகத் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் நனைந்து, தலைச்சுற்றலோ படபடப்போ மயக்கமோ வந்தால் கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முதலில் காரணம் தெரிய வேண்டும்

அதிக இரத்தப்போக்கு என்பது ஓர் அறிகுறிதான். அதற்குப் பின்னால் கருப்பையில் கட்டி இருக்கலாம். மக்கள் ஃபைப்ராய்டு என்று சொல்வது இதைத்தான். உட்சுவரில் சிறு சதை வளர்ந்திருக்கலாம். கருப்பையின் தசைக்குள்ளேயே உட்சுவர்த் திசு புகுந்து வளரும் அடினோமயோசிஸ் இருக்கலாம். தைராய்டு கோளாறு, சினைமுட்டை வெளியேறாத மாதங்கள், இரத்தம் உறையாமல் இருக்கும் குறைபாடு, இரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்துகள் எல்லாமே காரணமாகலாம். சிலருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவாக இருக்கும்.

நம் சமூகப் பெண்கள் கடைசியாகச் சொன்னதைக் கவனத்தில் வைக்க வேண்டும். உடல் பருமன், நீரிழிவு, ஒழுங்கற்ற மாதவிலக்கோடு வரும் பிசிஓஎஸ் ஆகியவை இந்தப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டும். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகமாக இருப்பது எல்லோரும் அறிந்ததே. எனவே இனிப்பு நீர் உள்ள பெண், உட்சுவரைச் சோதித்துப் பார்க்காமல் எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சோதனை என்றால் என்ன? முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகு ஸ்கேன். அதன்பின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கை மெல்லிய குழாய் மூலம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். பயாப்சி எனப்படுவது அதுதான். தேவைப்பட்டால் சிறிய கேமராவைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். அதற்கு ஹிஸ்டெரோஸ்கோபி என்று பெயர். பயாப்சி முடிவு வராமல் உட்சுவரை அழிக்கும் சிகிச்சையைச் செய்யவே கூடாது. உட்சுவர் அழிக்கப்பட்ட பிறகு அங்கே புற்றுநோய் வந்தால் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும் என்பதே காரணம்.

உட்சுவர் நீக்கம் எப்படி நடக்கிறது?

கருப்பையின் உட்சுவர் ஒவ்வொரு மாதமும் தடித்து, பிறகு உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அந்த உட்சுவரை அழித்துவிட்டால் உதிர்வதற்கு அதிகம் இருக்காது, இரத்தப்போக்கும் குறையும். சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான்.

இது இரண்டு வகையாகச் செய்யப்படுகிறது. பழைய முறையில் மருத்துவர் கேமரா வழியே உள்ளே பார்த்தபடி, மின்சாரம் பாயும் வளையத்தாலோ சிறு உருளையாலோ உட்சுவரைச் செதுக்குவார் அல்லது பொசுக்குவார். மருத்துவமனைகளில் டி.சி.ஆர்.இ. என்று சொல்வது வளையத்தால் செதுக்கும் முறையை. இதற்கு மருத்துவரின் கைப்பழக்கம் மிகவும் முக்கியம். புதிய முறைகளில், சூடான திரவம் நிரம்பிய சிறு பலூனோ ரேடியோ அலை பாயும் வலையோ உள்ளே விரிக்கப்படுகிறது. உட்சுவரைச் சுடும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரேடியோ அலை முறையில் அது இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

எந்த முறையானாலும் வயிற்றில் வெட்டு இல்லை, தையலும் இல்லை. எல்லாம் பிறப்புறுப்பின் வழியே நடக்கிறது. பெரும்பாலோர் அதே நாளில் வீடு திரும்பலாம். ஓரிரு நாள் வயிற்றுப் பிடிப்பு இருக்கும். சில வாரங்களுக்கு நீர்போன்ற கசிவு இருக்கும்.

சினைப்பைகளை யாரும் தொடுவதில்லை. ஆகவே இந்தச் சிகிச்சையால் மாதவிலக்கு முற்றாக நிற்கும் வயது முன்கூட்டியே வந்துவிடாது, பெண்மையும் குறைந்துவிடாது. 'மாதவிலக்கு நின்றால் கெட்ட இரத்தம் உடம்பில் தேங்கும்' என்ற பயமும் பலருக்கு உண்டு. மாதவிலக்கு இரத்தம் உடம்பின் அழுக்கு அல்ல. உட்சுவர் வளராவிட்டால் உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குத் தழும்பு ஏற்பட்டு, மிச்சமிருக்கும் உட்சுவரின் இரத்தம் வெளியேற வழியின்றி அடைபடலாம். மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில் கடும் வயிற்றுவலி வந்தால் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குக் கூடாது?

இனிக் குழந்தை வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டுமே இது. காரணம் எளிது. சிகிச்சைக்குப் பிறகும் கரு உண்டாகலாம். ஆனால் அந்தக் கர்ப்பம் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்தானது. எனவே மாதவிலக்கு முற்றும் நிற்கும் வயதுவரை கர்ப்பத் தடையும் தேவை. 'உட்சுவரை எடுத்தாச்சு, இனிப் பயமில்லை' என்று நினைப்பது தவறு.

மாதவிலக்கு முற்றாக நின்ற பிறகு இரத்தம் காண்பவர்களுக்கும், உட்சுவரில் புற்றுநோயோ அதற்கு முந்திய மாற்றமோ உள்ளவர்களுக்கும், கருப்பையில் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் இது செய்யப்படுவதில்லை. கட்டிகளால் கருப்பையின் உள்வடிவம் மாறியிருந்தால் பலூன், வலை முறைகள் சரியாகப் பொருந்தாது. சிசேரியன் ஆனவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவைத் தழும்பு எங்கே இருக்கிறது, அந்த இடத்தில் கருப்பைச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை மருத்துவர் பார்த்தாக வேண்டும். கருக்குழாய் கட்டியவர்களுக்குப் பின்னாளில் வலி வரும் வாய்ப்பு கூடுதல். அடினோமயோசிஸ் இருந்தால் சிகிச்சை பலன் தராமல் போகும் வாய்ப்பும் கூடுதல்.

பலனைப் பற்றியும் வெளிப்படையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு மாதவிலக்கு முழுதாக நின்றுவிடும். பலருக்கு அளவு நன்றாகக் குறையும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சில ஆண்டுகளில் மறுபடியும் ஏதாவதொரு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இளம் வயதில் செய்துகொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்குக் குறைவு. 35 வயதுப் பெண்ணும் 47 வயதுப் பெண்ணும் ஒரே சிகிச்சையிலிருந்து ஒரே பலனை எதிர்பார்க்க முடியாது.

மருத்துவரை எங்கே தேடுவது?

பெரும்பாலோருக்கு வழி தொடங்குமிடம் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான்தான். குடியுரிமை உள்ளவர்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. அங்குள்ள மருத்துவர் பரிசோதித்து, அரசாங்க மருத்துவமனையின் நிபுணத்துவக் கிளினிக்குக்கு 'சூராட் ருஜுக்கான்' எனப்படும் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். நிபுணத்துவக் கிளினிக்கில் ஒவ்வொரு வருகைக்கும் 5 வெள்ளிதான். தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கட்டணத்தை முன்கூட்டியே கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, சிரம்பான் துவாங்கு ஜாஃபார், ஜொகூர்பாரு சுல்தானா அமினா போன்ற பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் பெண்நோய்ப் பிரிவு இருக்கிறது. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே இயங்குகிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. எந்த மருத்துவமனையில் எந்த முறை கிடைக்கும் என்பது அங்குள்ள கருவியையும் மருத்துவரையும் பொறுத்தது. பரிந்துரைக் கடிதம் எழுதும்போதே, 'ஹிஸ்டெரோஸ்கோபி செய்யும் நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடியுமா?' என்று கேட்கலாம். கேமரா வழியே கருப்பைக்குள் வேலை செய்து பழகியவர்தான் உட்சுவர் நீக்கத்தையும் பெரும்பாலும் செய்பவர்.

தனியாரிடம் போவதானால், வாசலில் எழுதியிருக்கும் பட்டங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மலேசியாவில் நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2017 ஜூலை முதல் இது சட்டப்படி கட்டாயம். இந்தத் தேசியப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மருத்துவரின் பெயரைப் போட்டால் அவர் எந்தத் துறையில் நிபுணர் என்பது தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளையின் கைத்தொலைபேசியே இதற்குப் போதும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: 'எனக்கு இரத்தம் அதிகம் போவதற்குக் காரணம் என்ன?' இதற்குப் பதில் இல்லாமல் சிகிச்சைத் தேதி கொடுப்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது: 'பயாப்சி எடுத்தாகிவிட்டதா, முடிவு என்ன?' முடிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: 'எந்த முறையில் செய்வீர்கள்? இதுவரை ஏறக்குறைய எத்தனை பேருக்குச் செய்திருப்பீர்கள்?' இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். அனுபவமுள்ள மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

நான்காவது: 'கருப்பையில் ஓட்டை விழுவது, குடலில் சூடு படுவது, கிருமித்தொற்று போன்ற பாதிப்பு வந்தால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு மருத்துவமனைக்கு அனுப்புவீர்களா?' இவை அரிதாகவே நடக்கின்றன. ஆனாலும் நடந்தால் என்ன செய்வார்கள் என்பது முன்பே தெரிய வேண்டும்.

ஐந்தாவது: 'எனக்கு வேறு என்ன வழிகள் உண்டு?' ஒரே ஒரு வழியை மட்டும் சொல்லி, மற்றவை ஏன் பொருந்தாது என்று விளக்காதவர் கருப்பையை எடுக்கச் சொன்னாலும் சரி, உட்சுவரை நீக்கச் சொன்னாலும் சரி, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

மொழி தடையாக இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது பல தாய்மார்கள் பாதியை மறைத்துவிடுகிறார்கள். தமிழ் பேசும் தாதியைக் கேட்கலாம். இல்லாவிட்டால் கடைசி மூன்று மாதங்களில் இரத்தம் வந்த நாட்கள், ஒரு நாளில் மாற்றிய பேட்டுகளின் எண்ணிக்கை, சாப்பிடும் மருந்துகள், சிசேரியன், குழாய் கட்டியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். நாளும் எண்ணிக்கையும் எந்த மொழி மருத்துவருக்கும் புரியும்.

மற்ற வழிகள் என்னென்ன?

இரத்தம் வரும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். இரத்தக் குழாயில் கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. போன்ஸ்தான் என்ற பெயரில் நம் மக்கள் அறிந்த மாத்திரை வலியோடு இரத்தத்தையும் ஓரளவு குறைக்கும். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. ஹார்மோன் மாத்திரைகளும் உண்டு.

மிரெனா என்ற பெயரில் அறியப்படும் ஹார்மோன் வளையம் கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. அது பல ஆண்டுகள் வேலை செய்யும். இரத்தப்போக்கில் பெரும் பகுதியைக் குறைத்துவிடும். கர்ப்பத் தடையாகவும் பயன்படும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். உட்சுவர் நீக்கத்தில் அப்படித் திரும்ப முடியாது. இதனால் பல மருத்துவர்கள் வளையத்தையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு அவ்வப்போது சொட்டுச் சொட்டாக இரத்தம் படும். அதைப் பார்த்துப் பயந்து உடனே எடுத்துவிடக் கூடாது.

கட்டிதான் காரணம் என்றால் கட்டியை மட்டும் எடுக்கலாம். கருப்பையை எடுப்பதும் சிலருக்குச் சரியான சிகிச்சையே. புற்றுநோய், மிகப் பெரிய கட்டிகள், மற்ற எதற்கும் அடங்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் அதுவே உயிரைக் காக்கும். இரத்தப்போக்கும் அதோடு தீர்ந்துவிடும். ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை. வயிற்றை வெட்டிச் செய்தால் பழையபடி வேலைக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். உட்சுவர் நீக்கத்துக்குச் சில நாட்களே போதும். தினச் சம்பளக்காரருக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரிது.

செலவும் விடுப்பும்

தனியார் மருத்துவமனையில் மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், அறுவைக்கூடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவி, ஆய்வுக்கூடம் என்று தனித்தனியாகப் பில் வரும். மருத்துவர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. மற்றவை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பில் ஏறுவதற்குப் பெரும்பாலும் கருவியே காரணம். மொத்தச் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். காப்புறுதி இருந்தால், பகல்நேரச் சிகிச்சைக்கும் உத்தரவாதக் கடிதம் கிடைக்குமா என்று ஏஜெண்டைக் கேட்க வேண்டும்.

40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினர் பெக்கா பி40 திட்டத்தில் இரத்தப் பரிசோதனையோடு கூடிய உடல் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். பாப் ஸ்மியர் சோதனையை எல்பிபிகேஎன் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளிலும் செய்யலாம். தொழிலாளர் சட்டப்படி, சாதாரண எம்சி விடுப்புக்கு மேலாக, மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தோட்ட அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பெறலாம்.

சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பெண்தான். கணவரோடு கலந்து பேசி முடிவெடுப்பது குடும்பத்துக்கு நல்லது. ஆனால் உடம்பும் முடிவும் அவருடையவை.

சிகிச்சைக்குப் பிறகு

காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, அதிக இரத்தம் இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலன் எப்படி என்பது ஓரிரு மாதத்தில் முழுதாகத் தெரியாது. மூன்று மாதத்துக்குப் பிறகே சரியாகச் சொல்ல முடியும். கருப்பை வாய் அப்படியே இருப்பதால் பாப் ஸ்மியர் சோதனையைத் தொடர வேண்டும். எதிர்காலத்தில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்தச் சிகிச்சை செய்துகொண்டதைச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு முற்றாக நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைச் சோதித்தாக வேண்டும்.

அடுத்த மாதவிலக்கு வரும்போது நாட்காட்டியில் நாளைக் குறித்து, மாற்றும் பேட்டுகளை எண்ணத் தொடங்குவதுதான் முதல் வேலை. அந்தக் கணக்கோடு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் ஹீமோகுளோபினைப் பார்த்து, பரிந்துரைக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது இரண்டாவது. எந்தச் சிகிச்சை என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.